நாற்பத்து மூன்று எழுத்து

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன் என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள், அந்த எட்டாம் வகுப்பிலும் பாதி நாள் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்க, அதாவது சட்டத்தில் தீக்குச்சி அடுக்கப் போனவள், கம்ப்யூட்டர் சங்கதியை எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்து, ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் தலையில் கட்டிவிடுவேனோ என்று கை ஓடமாட்டேன் என்கிறது. அதனால் எனக்குப் புரிந்தவரைக்கும், நடந்த வரிசையிலேயே, ஒரு குச்சி பக்கத்தில் ஒரு குச்சி என்று வைத்துக்கொண்டு போகிறேன். எங்கேயாவது சாய்ந்திருந்தால் அது என் கையின் குற்றம், ஜெபசிங் தம்பியின் குற்றம் இல்லை.

எங்கள் ஊர் கரிசல்காட்டில் தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊர். பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் தனுஷ்கோடி சாருடைய கம்ப்யூட்டர் ஆபீஸ். அங்கே நான் பெருக்குவேன், டீ வாங்கி வருவேன், அதோடு இன்னொரு வேலையும் பார்ப்பேன். அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெபசிங் தம்பி எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது சர்வரில் தானாக ஓடுகிற கட்டளை, எங்கள் பக்கத்திலிருந்து சென்னையில் இருக்கிற ஒரு தொழிலாளர் நல வாரியத்தின் மிஷினுக்குப் பூட்டிய பாதை ஒன்றைத் திறந்து, அதன் வழியாகப் படங்களை அனுப்பும். பாதை திறக்கும்போது எதிர்முனை மிஷின் தன் அடையாளமாக நாற்பத்து மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை, எனக்கென்று தனியாக வைத்திருந்த திரையில் காட்டும். வாரியம் அனுப்பிய தாளில் அதே நாற்பத்து மூன்று எழுத்தும் இருக்கும், அதைச் சுவரில் ஒட்டியிருந்தோம். இரண்டும் ஒன்றா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

"ஏன் தம்பி, எனக்கு இங்கிலீஷ் தெரியாதே?" என்று முதல் நாள் கேட்டேன்.

"அதுக்குத்தான்க்கா உங்களைச் சொல்றேன். படிக்கத் தெரிஞ்சவன் நாலு எழுத்தைப் பார்த்துட்டு மீதி சரியாத்தான் இருக்கும்னு போயிருவான். நீங்க ஒவ்வொண்ணாப் பார்ப்பீங்க."

அவர் சொன்னது உண்மைதான். இருபது வருஷம் கட்டை அடுக்கிய கண் இது. சட்டத்தில் வரிசையாக நிற்கிற நூற்றுக்கணக்கான குச்சியில் ஒன்று சாய்ந்திருந்தாலும் சோறு தின்கிறபோதுகூட எனக்குத் தெரியும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் பார்ப்பேன், சின்ன எழுத்து பெரிய எழுத்து, கோடு சாய்ந்த கோடு, கூட்டல் குறி, எதையும் விடமாட்டேன். "ஒத்துப் போகுதாக்கா?" என்பார். "ஒத்துப் போகுது தம்பி" என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் பொத்தானைத் தட்டுவார்.

வாரியத்தில் தீப்பெட்டி வேலை செய்கிறவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள் என்று பங்குனி மாதம் ஊரெல்லாம் பேச்சு. தலை முதல் கால் வரை தெரிகிற படம் கேட்டார்கள். நானூற்றுச் சொச்சம் பேர் போனில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் தங்கச்சி ஆவுடைத்தங்கம் மட்டும் ஸ்டூடியோவுக்குப் போனாள், கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு.

"போன்ல எடுத்தாப் போதும்னாங்க தங்கம்."

"சாகிற வரைக்கும் இருக்கப்போற படம்க்கா. பிச்சைக்காரி மாதிரி நிக்கச் சொல்லுதியா?"

அவளைப் போலவே இன்னும் முப்பது பேர், நல்லபடியாக இருக்கட்டும் என்று பார்த்தவர்கள், ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அந்தக் கேமரா பெரிய கேமரா, படத்தின் கனமும் பெரிய கனம். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அனுப்ப ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடித்தோம், அதற்குள் ஊரில் முப்பத்தொரு பேர் அறுந்துபோயிருந்தார்கள். கத்தி பட்ட மாதிரி இல்லை, ரத்தம் இல்லை, வலியும் இல்லை. படம் எதுவரைக்கும் போய்ச் சேர்ந்ததோ அதுவரைக்கும் ஆள் இருந்தார்கள், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒருத்திக்கு முட்டிவரை இருந்தது, ஒருவருக்கு இடுப்புவரை, பஞ்சாயத்து டேங்க் ஆப்பரேட்டர் பெண்டாட்டிக்கு நெஞ்சுவரை. உயரம் குறையவில்லை. இல்லாத காலில் நின்ற இடத்திலேயே நின்றார்கள், நடந்தார்கள், படியேறினார்கள், கட்டிய துணி மட்டும் அறுந்த இடத்துக்குக் கீழே நிற்காமல் தரையில் விழுந்தது. தங்கம் வீட்டுக்கு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அடுப்படியில் ஐந்தடி உயரத்தில் அவளுடைய கொண்டையும் நெற்றியும் இரண்டு கண்ணும் மூக்கும் நின்றுகொண்டிருந்தன. மூக்குக்குக் கீழே சுவரில் மாட்டியிருந்த கரண்டிகள் தெரிந்தன. அவள் அழுதாள், கண்ணீர் கன்னத்தில் இறங்க இடமில்லாமல் நேராகத் தரையில் விழுந்தது.

ஊர் ஒரு வாரம் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. பழகுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. முட்டிக்குக் கீழே இல்லாத மாடத்தி பேருந்தில் ஏறி அரை டிக்கெட் கேட்டாள். "சீட்டு முழுசாத்தானம்மா பிடிக்கிற" என்றார் கண்டக்டர். பின்னால் இருந்து இடுப்புவரை மட்டும் இருந்த பொன்னுலிங்கம், "அப்ப எனக்குக் குடும். நான் எதை வச்சு உக்காந்திருக்கேன்னு நீரே வந்து பார்த்துச் சொல்லும்" என்றார், வண்டி முழுக்கச் சிரித்தது. செருப்புக் கடைக்காரர் மாடிக்கு ஏறி வந்து முப்பத்தொரு ஜோடி வியாபாரம் போச்சு என்று தனுஷ்கோடி சாரிடம் சண்டை போட்டார். சித்திரைப் பூக்குழியில் காலில்லாதவர்கள் எல்லாரும் இறங்கி ஒரு கொப்புளம் இல்லாமல் வந்ததும், கால் வெந்தவர்கள் இதெல்லாம் நேர்ச்சையில் சேருமா என்று பூசாரியை வழிமறித்துக் கேட்டார்கள். சேரும் என்று சொல்லவும் அவருக்குப் பயம், சேராது என்று சொல்லவும் பயம், திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டார்.

தீப்பெட்டி ஆபீஸ் போர்மேன்தான் முதலில் கண்டுபிடித்தார், இடுப்புக்குக் கீழே இல்லாத பொம்பளைகள் ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதில்லை, கால் மரத்துப்போச்சு என்று முனகுவதில்லை, காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை கை நிற்பதில்லை என்று. "அரை ஆளுதான்யா முழு வேலை பார்க்குது" என்று அவர் சொன்னதை மற்ற ஆபீஸ்காரர்களும் கேட்டார்கள், அடுத்த மாதமே அறுந்தவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்தார்கள். அதைப் பார்த்து முழு ஆட்கள் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார்கள். "தம்பி, எனக்கும் முட்டிக்குக் கீழ அறுத்து விட்ரும். இந்த வலியை வச்சிக்கிட்டு நான் என்னத்தக் கண்டேன்" என்று ஒரு கிழவி ஜெபசிங் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை உருவிக்கொண்டு கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கத்தை மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கை இல்லை, வாய் இல்லை. தெருவிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான், குழாயடியில் அவள் குரல் கேட்டால்தான் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் புருஷன் கொம்பையா லோடு ஏற்றுகிறவன், மூன்றாம் நாள் என்னிடம், "வீடு இப்பத்தான் மதினி அமைதியா இருக்கு" என்று சிரித்தான். பத்தாம் நாள் வந்து அதே இடத்தில் நின்று, "மதினி, ஒரு வார்த்தை திட்டச் சொல்லுங்க மதினி" என்று அழுதான். அவள் கண்ணை ஒரு தரம் சிமிட்டினால் ஆமாம், இரண்டு தரம் சிமிட்டினால் இல்லை. பசிக்குதா என்றால் இரண்டு தரம். வலிக்குதா என்றால் இரண்டு தரம். பயமா இருக்கா என்றால் கண்ணை மூடிக்கொள்வாள், அதற்கு எங்களிடம் கணக்கு இல்லை.

வாரியம் தானாகச் சரிசெய்யும் என்று நாற்பது நாள் பார்த்துவிட்டு, வாரியத்துக்கு நானே போன் போட்டேன். எடுத்தவர் நிதானமாகத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்க லிஸ்ட் முழுக்கப் பச்சை டிக் இருக்கும்மா. எங்க பக்கம் எல்லாரும் முழு ஆள்தான்" என்றார்.

"எந் தங்கச்சிக்கு வாய் இல்ல சார்."

"வாய் இருக்கா இல்லையான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? டிக் இருக்கு."

அந்தப் பச்சை டிக்கைப் போடுவதும் எங்கள் ஸ்கிரிப்ட்தான். ஜெபசிங் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார், "அனுப்பினியான்னு கேட்டு டிக் போடச் சொன்னேன்க்கா. போய்ச் சேர்ந்துச்சான்னு கேக்கச் சொல்லல." இதைவிடக் கேவலமான வார்த்தையை நான் கேட்டதில்லை. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, மனுஷன் அதற்குப் பிறகு ஒன்பது நாள் சோறு தண்ணி இல்லாமல் குற்றம் எங்கே என்று தேடினார். முதலில் லைன் சரியில்லை என்றார், வயரை மாற்றினார். பிறகு அந்தப் பக்கத்துக் கடவுச்சொல்லோ என்றார், பிறகு அந்தப் பக்கத்து ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையோ என்றார். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பதாம் நாள் சர்வரில் எங்கேயோ ஒரு மூலையில் ஒரு வரியைக் காட்டினார். எந்த வேலையையும் முப்பது நொடிக்கு மேல் செய்யாதே என்று அதில் இருந்தது. போனில் எடுத்த படம் எல்லாம் முப்பது நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்லபடியாக இருக்கட்டும் என்று எடுத்த படங்கள்தான் பாதி வழியில் அறுந்தன.

"முப்பதை ஆயிரமா மாத்திட்டேன்க்கா. இனி முழுசாப் போகும். திரும்ப அனுப்பிருவோம். ஆனா ஒண்ணு. மறுபடி அனுப்பும்போது அந்தப் பக்கத்துல இருக்கிறதை முதல்ல அழிச்சிட்டுத்தான் புதுசா எழுதும்."

"அழிச்சிட்டுன்னா?"

"ஒரு நிமிஷம் அவங்க சுத்தமா இருக்கமாட்டாங்க. அப்புறம் தலையில இருந்து வருவாங்க. தங்கம் அக்காவை முதல்ல அனுப்புவோம், அவங்கதான் ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

இந்த இடத்தில்தான் நான் முதல் தப்பைச் செய்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தெரு தாண்டித் திரும்பி வருகிறவள். "வேண்டாம் தம்பி, முதல்ல வேற யாரையாவது அனுப்பிப் பாருங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை, சரி என்றார். மாடத்தி வந்து நாற்காலிக்கு மேலே உட்கார்ந்தாள். நான் எழுத்தைப் பார்த்தேன், ஒத்துப்போனது, சொன்னேன், அவர் தட்டினார். மாடத்தி காணாமல் போனாள். ஒரு டீ ஆறுகிற நேரம் நாற்காலி காலியாக இருந்தது, பிறகு வகிட்டில் இருந்து ஆரம்பித்து நெற்றி, கண், கழுத்து என்று மெதுவாக இறங்கி வந்து கடைசியில் பத்து கால் விரலும் வந்தது. "எம்மாடி, என்ன இருட்டு" என்றாள். எழுந்து இரண்டு எட்டு வைத்து, "முட்டி வலிக்கே" என்று முகத்தைச் சுளித்தாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தங்கத்தைக் கூட்டிவர நான் படியிறங்கும்போதே கரண்ட் போய்விட்டது. நாளைக்குக் காலையில் முதல் ஆளாக என்றார் ஜெபசிங் தம்பி.

மறுநாள் பத்து மணிக்குத் தங்கத்தை அதே நாற்காலிக்கு மேலே உட்காரவைத்தோம். கொம்பையா அரக்குச் சேலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், வந்ததும் போர்த்திவிட. தனுஷ்கோடி சார்கூட வந்து வாசலில் நின்றார். பாதை திறந்தது, எழுத்து வந்தது, நான் ஸ்கேலை வைத்தேன். முதல் எழுத்தே வேறாக இருந்தது. கண் தப்புகிறதோ என்று இரண்டாவதைப் பார்த்தேன், அதுவும் வேறு. நாற்பத்து மூன்றையும் பார்த்தேன். ஒன்றுகூடச் சுவரில் இருந்த தாளோடு சேரவில்லை. எழுத்துக்கு மேலே இங்கிலீஷில் என்னவோ நீளமாக எழுதியிருந்தது. எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் முந்தின நாள் அது இல்லை என்பது தெரியும்.

"ஒத்துப் போகுதாக்கா?"

இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாரியத்துக்குப் போன் போட வேண்டும், அவர்கள் எடுக்க ஒரு வாரம், புதுத் தாள் அனுப்ப ஒரு மாதம். தங்கம் வாயில்லாமல் ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நேற்றே முதலில் அவளை அனுப்பியிருந்தால் இந்நேரம் குழாயடியில் கத்திக்கொண்டிருப்பாள், அதைத் தடுத்தவள் நான். இந்தப் பக்கம் திரும்பினேன், அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மிஷினைத்தான் மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என் ஆயுசில் ஒரே ஒரு தரம் பயப்படாமல் இருக்கப் பார்த்தேன்.

"ஒத்துப் போகுது தம்பி" என்றேன்.

அவர் தட்டினார். கொண்டையும் கண்ணும் மூக்கும் போயின. கம்ப்யூட்டரில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது, பாதி, முக்கால், முழுசு. பச்சை டிக் விழுந்தது. நாற்காலி காலியாக இருந்தது. ஒரு டீ ஆறுகிற நேரம் போனது, இன்னொரு டீ ஆறுகிற நேரம் போனது. கொம்பையா சேலையை விரித்துப் பிடித்தபடியே நின்றான். மத்தியானம் வரைக்கும் அப்படியே நின்றான்.

ஜெபசிங் தம்பி வாரியத்துக்குப் போன் போட்டுப் போட்டு நாலு மணிக்கு ஒருவர் எடுத்தார். இன்றைக்கு எங்கள் மிஷின் ஓடவே இல்லையே, பழுது பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறோம், உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை என்றார். ஜெபசிங் தம்பி போனை வைத்தார்.

"அங்க யாரோ வாங்கியிருக்காங்கக்கா. முழுசா வாங்கியிருக்காங்க. கடைசி நுனி வரைக்கும்."

"யாரு தம்பி?"

"தெரியல. வாரியம் மாதிரியே நடு வழியில எவனோ உக்காந்திருக்கான்." பிறகு என்னைப் பார்த்தார். "எழுத்து ஒத்துப்போச்சே, எப்படி?"

"ஒத்துத்தான் போச்சு" என்றேன்.

ஊர் இதற்கும் பழகியது. கருமாதி செய்வதா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். முழுசாகப் போய்ச் சேர்ந்தவளுக்கு எதற்குக் கருமாதி என்று முடிவானது. எங்கேயோ கையும் காலும் வாயுமாக நன்றாக இருக்கிறாள், அதற்கென்ன என்றார்கள். பெரிய ஊராக இருக்கும் என்றாள் ஒருத்தி. கட்டை அடுக்குகிற வேலை இல்லாத ஊர் என்றாள் இன்னொருத்தி. இரண்டு மாதத்தில் வயசுப் பிள்ளைகள் சிலர் படியேறி வந்து, தங்கம் அத்தை போன இடத்துக்கே எங்களையும் அனுப்பமுடியுமா என்று வெட்கத்தோடு கேட்டார்கள். கொம்பையா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டுக்கு வந்து, தின்னக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, போகும்போது ஒன்று கேட்பான், வேறு எதுவும் கேட்கமாட்டான்.

"மதினி, நீங்க பார்த்தீங்கள்ல? எழுத்து ஒத்துச்சுல்ல?"

"ஒத்துச்சு கொம்பையா."

"அப்பச் சரி மதினி."

ஆடி மாதம் வாரியத்திலிருந்து முத்திரை போட்ட கவர் வந்தது. பழுது பார்த்த மிஷினுக்குப் புது எழுத்து, அதே நாற்பத்து மூன்று. ஜெபசிங் தம்பி பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டினார், வாரியத்துக்குப் போன் போட்டு அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சரிபார்த்துக்கொண்டார். மீதி இருந்த இருபத்தொன்பது பேருக்கும் சொல்லி அனுப்பினார். அவர்கள் சேலையும் வேட்டியும் கையில் மடித்துக்கொண்டு வந்து படி முழுக்க நின்றார்கள். வரிசையின் கடைசியில் என் படமும் இருந்தது, ஆபீஸில் வேலை செய்கிறவளுக்கும் அட்டை கிடைக்கும் என்று தனுஷ்கோடி சார் எடுத்துப் போட்ட படம்.

மூன்று மணிக்குப் பாதை திறந்தது. நான் ஸ்கேலை வைத்தேன். முதல் எழுத்து ஒத்தது. இரண்டாவது ஒத்தது. பெரிய எழுத்து பெரிய எழுத்தாகவும் சாய்ந்த கோடு சாய்ந்த கோடாகவும் இருந்தது. கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலில் இருந்து வந்தேன், பிறகு கடைசியில் இருந்து முதலுக்கு வந்தேன். மூன்று தரமும் ஒரு குச்சிகூடச் சாயவில்லை. ஆனால் தங்கத்தை அனுப்பிவிட்ட அதே வார்த்தையை இன்னொரு தரம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"ஒத்துப் போகுதாக்கா?"

"ஒத்துப் போகல தம்பி."

அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. என் கண்ணை நம்புகிற மனுஷன், முன்பைவிட இப்போது அதிகமாக நம்புகிறார். பாதையை மூடினார், வாசலில் போய் இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். படியில் நின்ற இருபத்தொன்பது பேரும் இறங்கிப் போனார்கள், முட்டிவரை இருந்தவள், இடுப்புவரை இருந்தவர், ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. மறுநாள் மூன்று மணிக்கும் கேட்டார், ஒத்துப் போகல என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.